கொற்கையில் பார்க்க என்ன இருக்கிறது?

என் தங்கை மகள் திருநெல்வேலியில் கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்குத் திருச்செந்தூர் வந்தவள், சாயங்காலம் உடன்குடிக் கருப்பட்டி போட்ட தேநீரை ஆற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, இங்கிலாந்துல ஒரு வயலுக்குள்ள ரோமானியர் வீடு கிடைச்சிருக்கு. தரை பூராவும் கலர் கல்லுல படம் போட்டிருக்கான். அதே ரோமானியர் நம்ம கொற்கை முத்தைத் தேடி வந்தாங்கன்னு சொல்றீங்க. போன வாரம் கொற்கைக்குப் போய்ப் பார்த்தேன். வாழைத்தோட்டம், குளம், ஒரு பழைய வன்னி மரம், கோயில். அவ்வளவுதான். அங்க பார்க்க என்ன இருக்கு?"

கொற்கைக்குப் போய்விட்டு வருகிற எல்லோருக்கும் வருகிற கேள்வி இது. பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை; ஏமாற்றத்தோடு பேருந்து ஏறிவிடுகிறார்கள். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறேன். அங்கே ஏன் தரை தங்கியது, இங்கே ஏன் சுவர் தங்கவில்லை, அப்படியானால் இங்கே தங்கியிருப்பது என்ன என்று மூன்று படியாகப் போகலாம். மூன்றாவதுதான் முக்கியம். ஆனால் முதல் இரண்டும் தெரியாமல் அது கண்ணில் படாது.

அவள் சொன்ன வீடு ரட்லண்ட் என்ற சிறிய மாவட்டத்தில் இருக்கிறது. 2020இல், கொரோனா ஊரடங்கு நாட்களில், நிலத்துக்காரரின் மகன் குடும்பத்தோடு வயலில் நடக்கும்போது வழக்கத்துக்கு மாறான பானை ஓடுகளைப் பார்த்தார். பிறகு செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்த்தால், பயிருக்கு நடுவே கோடு கோடாக ஏதோ தெரிந்தது. அடியில் கல்சுவர் இருக்கும் இடத்தில் மண் ஆழம் குறைவு. பயிர் வாடி நிற்கும். பழைய பள்ளம் தூர்ந்த இடத்தில் ஈரம் அதிகம். பயிர் செழித்து நிற்கும். மேலே இருந்து பார்த்தால் வீட்டின் வரைபடமே பயிரில் தெரியும். இங்கிலாந்தில் கோடை வறண்டால் தொல்லியலார் விமானம் ஏறுவது இதற்காகத்தான்.

லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியல் குழு அங்கே தோண்டியது. ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலத்துக்கு ஒரு மொசைக் தரை வெளிப்பட்டது. சின்னச் சின்னக் கல் துண்டுகளைச் சாந்தில் பதித்து, அகில்லீஸும் ஹெக்டரும் மோதிய டிராய் போர்க் கதையைத் தரையிலேயே படமாக்கியிருந்தார்கள். கி.பி. மூன்றாம் நான்காம் நூற்றாண்டுக் காலத்து வேலை. சஸெக்ஸ் மாவட்டத்தில் பிக்னர் என்ற ஊரிலும் இதே கதைதான்: 1811இல் ஏர் ஒரு கல்லில் முட்டியது, கீழே ஒரு மாளிகையே கிடந்தது.

"இவ்வளவு நாள் எப்படி மாமா அழியாம இருந்துச்சு?"

அங்கே யாரும் தொடர்ந்து குடியிருக்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். ரோமானியர் பிரிட்டனைப் பிடித்தது கி.பி. 43இல். அவர்களுடைய ஆட்சி அங்கே கி.பி. 410 வாக்கில் முடிந்தது. அதன் பிறகு இந்த மாளிகைகளை நடத்தப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. தரைக்கடியில் சூடான காற்றை ஓடவிட்டு அறையைக் கதகதப்பாக வைத்திருந்தார்கள். அந்த அடுப்புக்கு விறகு போடவே நாள் முழுக்க ஆள் வேண்டும். கூரை விழுந்தது. சுவர்க் கல்லை அக்கம்பக்கத்தார் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கூரையும் சுவரும் இடிந்து விழுந்த குப்பை தரையை மூடியது. அதன் மேல் மண் படிந்தது, புல் முளைத்தது. தரையைப் பெயர்த்துக் கொண்டுபோக யாருக்கும் தேவையில்லை. அதனால் அது தங்கியது. கைவிட்டுப் போன வீடுதான் மண்ணுக்கடியில் முழுசாகக் கிடைக்கும்.

கொற்கைக்குப் போகுமுன் பிரிட்டனிலேயே இன்னொரு சங்கதியைப் பார்த்துவிடலாம். இரண்டு நாடும் ஒரே கதைக்குள் இருப்பது அப்போதுதான் புரியும்.

ஜூலியஸ் சீசர் கி.மு. 55இலும் 54இலும் பிரிட்டன் மீது படையெடுத்தார். முத்து கிடைக்கும் என்ற ஆசையில்தான் போனார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பிரிட்டன் முத்து சிறியது, நிறம் மங்கியது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அந்த முத்தால் செய்த மார்க்கவசம் ஒன்றைச் சீசர் வீனஸ் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார் என்பதும் பிளினி சொல்வதுதான். ரோமுக்கு நல்ல முத்து கிழக்கிலிருந்துதான் போனது. நம்முடைய மன்னார் வளைகுடா அதில் ஒரு பெரிய ஊற்று. பேரரசர் கலிகுலாவின் மனைவியாக இருந்த லோலியா பாலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு மரகதமும் முத்துமாக நான்கு கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள நகையை அணிந்து வந்ததைத் தானே பார்த்ததாகப் பிளினி எழுதுகிறார். இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்துக் கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று குறைப்பட்டவரும் அவர்தான்.

மிளகும் அப்படியே. சேர நாட்டு முசிறியிலிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்கும், அங்கிருந்து ரோமுக்கும் போன மிளகு, பேரரசின் வடக்கு எல்லை வரை எட்டியிருக்கிறது. பிரிட்டனின் வடக்கே விண்டோலாண்டா கோட்டையில் இருந்த படைவீரர்களின் கணக்குப் பலகை ஒன்றில் மிளகு வாங்கிய செலவு இருக்கிறது. சஃபோக் மாவட்டத்தில் ஹாக்ஸ்னி என்ற ஊரில் 1992இல் கிடைத்த புதையலில் நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள் இருந்தன. ஒன்று ஓர் உயர்குலப் பெண்ணின் உருவத்தில் செய்தது. இன்றைக்கு அவை லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மொசைக் தரை போட்ட வீடுகளில் சாப்பிட்டவர்களின் தட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையின் காரம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனி கொற்கை.

திருச்செந்தூரிலிருந்து குரும்பூர் வழியாக ஏரல் போய், அங்கிருந்து கிழக்கே திரும்பினால் கொற்கை. கடல் இன்றைக்கு அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகம் என்று சொல்லிவிட்டு வாழைத்தோட்டத்தைக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். அந்தச் சந்தேகத்துக்கு விடை தாமிரபரணி.

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் ஆறு அது. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் மண்ணுக்கு அளவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை நாம் கண்ணால் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், பயணிகள் ரயிலுக்குள்ளேயே தவித்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு ஏரல் பக்கத்து வீடுகளில் சேற்றை வாரிக் கொட்டுவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு வெள்ளம் விட்டுப்போகும் வண்டல் இவ்வளவு என்றால், இரண்டாயிரம் ஆண்டு வெள்ளங்கள் எவ்வளவு விட்டுப் போயிருக்கும்? ஆற்றின் வாய் தூர்ந்தது, கரை முன்னேறியது, கடல் பின்வாங்கியது.

இதை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொன்னவர் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல். 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, 1877இல் அதைப் பற்றி எழுதினார். உள்நாட்டு மண்ணுக்கடியில் கடல் சிப்பிகள் கிடைப்பதைக் காட்டி, கொற்கை ஒரு காலத்தில் கடற்கரை ஊர் என்று வாதிட்டார். கொற்கையை விட்டுக் கடல் போனதும் துறைமுகமும் கடலின் பின்னால் போயிற்று. பழையகாயல் எழுந்தது; பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ எழுதிய காயல் அதுதான். அங்கும் மண் தூர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வந்தபோது தூத்துக்குடி தலையெடுத்தது. இன்றைய தூத்துக்குடித் துறைமுகம் கொற்கையின் நேர் வாரிசு.

"சரி மாமா, கடல் போயிட்டு. ஊரு எங்க போச்சு?"

ஊர் எங்கும் போகவில்லை. அதுதான் சிக்கலே. துறைமுகம் போன பிறகும் கொற்கையில் ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். பாண்டியர் கால ஊருக்கு மேல் இடைக்கால ஊர், அதற்கு மேல் இன்றைய ஊர். பழைய செங்கல் வீணாகக் கிடக்க எந்தக் காலத்து மனிதன் விடுவான்? பெயர்த்து எடுத்துக் கோயிலுக்கும் கிணற்றுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் வைத்துக்கொண்டான். இன்னொன்று, நம் ஊரில் எல்லா வீடும் செங்கல் வீடு இல்லை. மண்சுவரும் பனையோலைக் கூரையும்தான் பெரும்பாலும். வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற வீடு அது, குளிர்ச்சியானது, ஆனால் இரண்டு ஐப்பசி மழைக்குக் கூரை போட ஆள் இல்லாவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். பிறகு தண்ணீர் பாயும் நிலம். நெல்லும் வாழையுமாக ஆண்டு முழுக்க ஈரம். இங்கிலாந்தைப் போல வறட்சியில் வாடிய பயிர் சுவரின் கோட்டைக் காட்டிக்கொடுக்க இங்கே வாய்ப்பு குறைவு.

ஆகவே கொற்கையில் மாளிகையைத் தேடுவது வீண். வேறு எதைத் தேட வேண்டும்?

தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் இங்கே குழி போட்டது. செங்கல் கட்டுமானத்தின் பகுதிகள், உறைகிணறுகள், முதுமக்கள் தாழிகள், கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழி எழுத்து கீறிய ஓடுகள் கிடைத்தன. ஒரு குழியில் எடுத்த கரித்துண்டை மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். அது கி.மு. 785ஐ ஒட்டியது என்று விடை வந்தது.

அந்த விடை எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உள்ள கரி-14. மரம் செத்ததும் புதிதாக எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருப்பது கரைந்துகொண்டே வரும். 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். மீதி எவ்வளவு என்று அளந்தால், மரம் செத்து எத்தனை ஆண்டு என்பது சில பத்து ஆண்டு முன்பின்னாகத் தெரியும். இதில் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த ஆண்டு கரித்துண்டின் வயது. அதை ஒட்டிய காலத்தில் அங்கே மனிதர் தீ மூட்டியிருக்கக்கூடும். அன்றைக்கே கப்பல்கள் வரிசையாக நின்றன என்று அந்தக் கரி சொல்லாது. அதைச் சொல்ல வேறு சாட்சி வேண்டும்.

வேறு சாட்சி பானை ஓட்டில் இருக்கிறது. நம் கடற்கரைத் துறைமுகங்களில் ஒரு வகை மெல்லிய சாம்பல் நிறத் தட்டு கிடைக்கும். உள்பக்கம் சக்கரத்தால் உருட்டிப் பதித்த புள்ளி வரிசை வட்டமாக ஓடும். ரௌலட்டட் ஓடு என்பார்கள். மார்ட்டிமர் வீலர் 1930களில் இங்கிலாந்தில் வெருலேமியம் என்ற ரோமானிய நகரத்தைத் தோண்டியவர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்து, 1945இல் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டைத் தோண்டினார். இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புத் தட்டின் ஓடுகளும், மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் அங்கே கிடைத்தன. அவற்றோடு கிடைத்த ரௌலட்டட் ஓட்டையும் மத்தியதரைக் கடல் பக்கத்து வரவாகவே அவர் கருதினார். பின்னாளைய ஆய்வுகளில், மண்ணின் சேர்மானத்தைப் பார்த்து, அது இந்தியாவிலேயே, அதிலும் பெரும்பாலும் கங்கைக் கழிமுகப் பக்கம் செய்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள்.

இதனால் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை. அந்த ஓடு ரோமிலிருந்து வந்திருந்தால் ஒரு வணிகனின் பெருமையைச் சொல்லும். வங்கக் கரையிலிருந்து வந்தது என்பது, ரோமானியன் வருவதற்கு முன்பும் பின்பும் நம் தோணிகளும் கலங்களும் கிழக்குக் கடற்கரை நெடுக ஏறி இறங்கின என்பதைச் சொல்லும். கொற்கை வெளிநாட்டான் கண்டுபிடித்த ஊர் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்துக்குள் அவன் வந்து சேர்ந்தான்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய சாட்சியாகத் தெரிவது சங்கு. கொற்கையில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைக்கின்றன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் வெளியிட்ட சங்கு பற்றிய நூலில், கொற்கையிலும் காயலிலும் கிடைத்த இந்த அறுத்த துண்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பார்ப்பவருக்கு அவை வெறும் வெள்ளைச் சில்லு. எப்படிப் படிப்பது என்று தெரிந்துவிட்டால் ஒரு தொழிற்கூடமே அதில் எழுந்து நிற்கும்.

சங்கில் வளையல் செய்வது இப்படி. முதலில் சங்கின் கூரிய உச்சியைச் சுத்தியலால் தட்டி உடைப்பார்கள். வாய்ப்பக்கத்து உதட்டையும் உடைப்பார்கள். உள்ளே திருகிக்கொண்டு போகும் நடுத்தண்டைத் தட்டி எடுத்துவிடுவார்கள். இப்போது மீதி இருப்பது தடித்த குழல். அதை இரும்பு வாளால் குறுக்கே அறுத்தால் வளையம் வளையமாக விழும். ஒரு சங்கில் சில வளையல்தான் தேறும். உள்வட்டத்தைத் தேய்த்து, வெளியே கோடும் பூவும் செதுக்கி முடிப்பார்கள். உடைத்த உச்சி, நடுத்தண்டு, பக்குவமில்லாமல் அறுபட்ட வளையம் எல்லாம் குப்பைக்குப் போகும்.

நம் தெருவில் மட்டை குவிந்து கிடந்தால் அங்கே தேங்காய் உரிக்கிறார்கள் என்று தெரியும். சிரட்டை குவிந்தால் அங்கே சமைக்கிறார்கள் என்று தெரியும். சங்கும் அதே மாதிரிதான். ஓர் இடத்தில் உடைந்த வளையல் மட்டும் கிடைத்தால், பெண்கள் அணிந்து வாழ்ந்த வீடு. உச்சியும் தண்டும் கிடைத்தால், அறுத்த இடம். முழுச் சங்கும் கழிவும் பாதி வேலை முடிந்த வளையமும் சேர்ந்து கிடைத்தால், கடலிலிருந்து இறக்கி, அறுத்து, விற்பனைக்கு அனுப்பிய பட்டறை. அறுத்த முகத்தில் வாள் ஓடிய கோடுகளைப் பார்த்து, எந்தப் பக்கமிருந்து அறுத்தான், எங்கே நிறுத்திச் சங்கைத் திருப்பி வைத்தான் என்பது வரைக்கும் சொல்லலாம். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தொழிலாளியின் கை எப்படி அசைந்தது என்பது அந்தச் சில்லில் இருக்கிறது.

அந்தத் தொழில் இன்னும் முடியவில்லை. தூத்துக்குடிச் சங்கு இன்றும் வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கல்யாணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையலாகிறது.

"அப்ப முத்து மாமா? கொற்கைன்னாலே முத்துதானே?"

முத்து கிடைப்பது அரிது. அதற்கும் காரணம் உண்டு. முத்து மண்ணின் ஈரத்திலும் புளிப்பிலும் கரையக்கூடியது. விலை உயர்ந்ததால் யாரும் தவறவிடவும் மாட்டார்கள். கிடைத்தது அத்தனையும் மதுரைக்கும் மேற்குக்கும் போய்விடும். சிப்பியைக் கடற்கரையிலேயே குவித்து, அழுகவிட்டு, அலசி முத்தை எடுப்பதால் ஓடுகளும் ஊருக்குள் வராமல் கரையில் தங்கும். அந்தப் பழைய கரையோ இன்று வண்டலுக்கு அடியில். ஆக, ஊருக்குப் பேர் வாங்கித் தந்த பொருள்தான் குழியில் அகப்படுவதற்கு மிகவும் கடினமானது. கொற்கை முத்து என்று அகநானூறும் ஐங்குறுநூறும் பேசுவதாலும், அயலார் எழுதிவைத்ததாலும்தான் அது நமக்கு இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது.

அயலார் எழுதியதில் ஒரு வரி என்னை எப்போதும் நிறுத்தும். எரித்ரேயக் கடல் வழிநூல் என்று ஒன்று உண்டு, கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில், பேர் தெரியாத வணிகர் ஒருவர் எழுதியது. குமரியைத் தாண்டினால் கொற்கை, அது பாண்டியர் நாட்டைச் சேர்ந்தது, அங்கே முத்துக்குளித்தல் நடக்கிறது என்று சொல்லிவிட்டு, தண்டனை பெற்ற குற்றவாளிகளை அதில் இறக்குகிறார்கள் என்கிறது.

முத்துப் பார்கள் கரையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தொலைவில், பத்து இருபது மீட்டர் ஆழத்தில் இருப்பவை. குளியாள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம்போலத்தான் கீழே இருக்க முடியும். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் அள்ள வேண்டும். மேலே தோணியில் கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுப்பார். மறுபடி இறங்க வேண்டும். சுறாவும் உண்டு, காது கிழிவதும் உண்டு. நம் பரதவர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில் இது. 1961இல் நடந்த முத்துக்குளிப்புச் சலாபம்தான் நம் கரையில் கடைசி. அதன் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். குளியாளின் தொழிலோ கதையாகிவிட்டது.

இப்போது ரட்லண்ட் மாளிகையையும் கொற்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மொசைக் தரை சொல்வது யாருடைய கதை? வீட்டுக்காரனுடையது. அவனுக்குக் கிரேக்கக் கதை தெரியும், பணம் இருக்கிறது, விருந்தினர் பார்த்து வியக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. அந்தக் கல்லைப் பதித்தவன் யார், தரைக்கடியில் தீ மூட்டியவன் யார், வயலில் உழைத்த அடிமைகள் எங்கே படுத்தார்கள் என்பதை அந்தத் தரை சொல்லாது. அதற்கு அங்குள்ள தொல்லியலாரும் குப்பைக்குழியையும் களஞ்சியத்தையும்தான் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொற்கை அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறது. இங்கே நமக்குக் கிடைத்திருப்பது செல்வத்தின் எச்சமே இல்லை. செல்வத்தை உண்டாக்கிய வேலையின் எச்சம். அறுத்த சங்கு, உறைகிணறு, தன் பாத்திரத்தில் தன் பேரைக் கீறிக்கொண்டவனின் எழுத்து. மாளிகைக்காரன் அணிந்த முத்து எங்கிருந்து வந்ததோ, அந்தக் கையின் அடையாளம் இங்கே இருக்கிறது. இரண்டில் எது மதிப்புக் குறைந்தது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. கொற்கையின் சில்லுகளுக்கு முன்னால் நான் தலைவணங்குவேன்.

"ஆனா பார்க்கறதுக்கு ஏதாவது வச்சிருக்கலாமே மாமா. 2021ல கூட தோண்டினாங்களே, அந்தக் குழிய ஏன் மூடினாங்க?"

2021இல் கீழடி, ஆதிச்சநல்லூர், சிவகளையோடு கொற்கையிலும் தோண்டினார்கள். செங்கல் கட்டுமானமும், துளையிட்ட சுடுமண் குழாய்கள் அடுக்காக நிற்பதும் அப்போது வெளிப்பட்டன. மூடியது அலட்சியத்தால் இல்லை. திறந்து கிடக்கும் பழைய செங்கல் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. ரட்லண்டிலும் அளந்து, வரைந்து, படம் எடுத்த பிறகு அந்த அழகான மொசைக் தரையை மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். 2021இல் அந்த வயலைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். ஏர் அதன் மேல் ஓடாதபடி நிலத்தைப் புல்வெளியாக்கினார்கள். மண்ணே நல்ல காவல்காரன் என்பது தொல்லியலில் எல்லா நாட்டாருக்கும் தெரிந்த பாடம்.

கண்ணால் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. நெல்லை போகும் சாலையில் ஆதிச்சநல்லூரில், 114 ஏக்கர் பரம்பில், குழிக்குள் தாழிகள் இருந்த இடத்திலேயே இருக்க, மேலே கண்ணாடி மீது நின்று பார்க்கும்படி 2023இல் களக் காட்சியகம் திறந்தார்கள். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறு ஆண்டுக்கு முன் அங்கே எடுத்த வெண்கலமும் பொன் பட்டங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமி கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டது. பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ரெட்டியார்பட்டியில் எழுந்திருக்கும் பொருநை அருங்காட்சியகத்தில் கொற்கைக்கும் இடம் உண்டு. அவற்றைப் பார்த்துவிட்டுக் கொற்கைக்குப் போ. வாழைத்தோட்டம் வேறு மாதிரி தெரியும்.

போனால் ஒன்றை மட்டும் செய்யாதே என்றேன் அவளிடம். வரப்பில் சங்குத் துண்டோ கருப்பு சிவப்பு ஓடோ கிடந்தால் ஆசைக்குக் கூட எடுத்து வராதே. அந்தத் துண்டின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அது வீடா பட்டறையா என்று சொல்ல முடியும். மேசை இழுப்பறைக்குள் வந்துவிட்ட ஓடு ஊமை. படம் எடு, பக்கத்தில் அளவுக்கு ஒரு நாணயத்தை வை, எந்த வயல் என்று குறித்துக்கொள், தொல்லியல் துறைக்குச் சொல். நிலத்துக்காரருக்கு மதிப்புள்ள பழம்பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே சொல்கிறது.

இங்கிலாந்திடம் நாம் கற்க வேண்டியது மொசைக் தரை இல்லை. வயலில் நடந்தவனுக்கு, கண்ணில் பட்ட ஓடு சாதாரண ஓடு இல்லை என்று தெரிந்திருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. சொன்னால் நிலம் பறிபோகும் என்ற பயம் அவனைத் தடுக்கவில்லை. இந்த மூன்றும் நம் கொற்கைக்கும் ஏரலுக்கும் உமரிக்காட்டுக்கும் வர வேண்டும். பள்ளிக்கூடத்தில் சங்குத் துண்டைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தர வேண்டும். வாழை போடுகிறவரிடம் தொல்லியல் துறையினர் போய் உட்கார்ந்து பேச வேண்டும். குழி போட இடம் கொடுத்தால் பயிர் நட்டத்துக்கு ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கையை அவருக்குத் தர வேண்டும். கொற்கையின் அடுத்த பெரிய கண்டுபிடிப்பு ஒரு மண்வெட்டியின் முனையில்தான் வரப்போகிறது. அதைப் பிடித்திருப்பவருக்கு, தான் பார்ப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்.